ஐந்து வெள்ளி சிடிக்காரனின் விண்ணப்பம்

பெறுநர்:
உள்நாட்டு வாணிபம், வாழ்க்கைச் செலவின அமைச்சு,
புத்ராஜெயா.

பொருள்: 'பொருள்' என்றால் என்ன என்று கேட்டு எழுதுவது

மாண்புமிகு ஐயா,

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். இருபது வருடத்துக்கு முன்னால் செர்டாங் பசார் மாலாமில் ஐந்து வெள்ளிக்குத் திருட்டு சிடி வாங்கி விளையாடியவன் நான். பிளாஸ்டிக் உறை, ஊதா ஏறிப்போன போட்டோஸ்டேட் அட்டை, மார்க்கர் பேனாவில் 2/3 என்று ஒரு கிறுக்கல். பாதியில் சிடி நின்றுவிட்டால் அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுக்கலாம்; விற்ற அண்ணன் முகம் சுளிக்காமல் மாற்றித் தருவார். அதிகாரிகள் வருகிறார்கள் என்றால் மேசை மட்டும் நிற்கும். அண்ணன் பக்கத்துக் கடையில் கச்சாங் பூத்தே கொறித்துக்கொண்டிருப்பார்.

2000ஆம் ஆண்டில் சிடிக்கென்றே தனிச் சட்டம் போட்டு, ரெய்டு மேல் ரெய்டு நடத்தி என்னைத் திருத்தினீர்கள். நானும் திருந்தினேன்.

படிவம் நாலு படிக்கும் மகனுக்காகப் பினாங்கு போய் 199 வெள்ளிக்குக் கணினி விளையாட்டு ஒன்றின் அசல் பெட்டி வாங்கினேன். கண்ணாடித்தாள் கிழியாமல் நகத்தால் மெல்ல எடுத்தான். அவனுடைய மடிக்கணினியில் தட்டுப் போட இடமே இல்லை. நிபோங் திபால் மச்சானிடம் இரவல் டிரைவ் வாங்கி வந்து போட்டோம். உள்ளே இருந்தது விளையாட்டு இல்லை, விளையாட்டை இறக்கிக் கொடுக்கிற சின்ன நிரல். மீதி 60 ஜிபியை நீயே இறக்கிக்கொள் என்றது. ஆட்டுக்கறிப் பொட்டலத்தைப் பிரித்தால் கறிக்கடை முகவரி இருந்த கதை.

எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. 2015இல் ஐரோப்பாவில் கணினிக்கு விற்ற மெட்டல் கியர் சாலிட் 5 தட்டிலும் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையை நிறுவும் நிரல்தான் இருந்தது. அதே வருடம் ஜிடிஏ 5 ஏழு டிவிடியில் முழுசாக வந்தது. அந்த நாணயம் பிறகு அரிதாகிவிட்டது.

லயத்தில் பின்வாசல் படியில் வைத்தால்தான் கைப்பேசிக்கு இரண்டு கோடு கிடைக்கும், மழை வந்தால் ஒன்று. அந்த 60 ஜிபி இறங்கி முடியும்வரை கைப்பேசி மூன்று இரவு அங்கேயே கிடந்தது. பால்மரம் வெட்டிய பழக்கத்தில் நாலு மணிக்கு எழுந்துவிடும் என் அம்மா, தொட்டில் பிள்ளையைத் தாண்டுவதுபோல் அதைத் தாண்டிப் போனார்.

இறங்கியதாவது நம்முடையதா என்றால், அதுவும் இல்லையாம். நீ வாங்குவது உரிமம் மட்டும் என்று 2024 அக்டோபரிலிருந்து ஸ்டீம் காசு கட்டும் இடத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. யூபிசாஃப்ட் 2014இல் விற்ற 'தி க்ரூ' கார் விளையாட்டின் சர்வரை 2024 மார்ச் 31இல் அணைத்தார்கள். தட்டாக வாங்கியவனுக்கும் அதோடு ஆட்டம் முடிந்தது. கணக்கை மகன் பெயருக்கு மாற்றிவிட்டுச் சாகவும் ஸ்டீம் விதி விடாது. ஐயா, வேலை நின்றால் வீட்டைக் காலி செய் என்ற ஏற்பாட்டில் மூன்று தலைமுறை தோட்டத்து லயத்தில் குடியிருந்தவர்கள் நாங்கள். உரிமம் என்றால் என்னவென்று எங்களுக்கு வழக்கறிஞர் வந்து விளக்க வேண்டியதில்லை.

அசலாக வாங்கிப் பீரோவில் பத்திரப்படுத்திய பழைய தட்டுகளும் கைவிட்டன. நகலெடுப்பதைத் தடுக்கும் சேஃப்டிஸ்க் பூட்டுப் போட்டவற்றை 2015இல் வந்த விண்டோஸ் 10 ஏற்பதில்லை. பூட்டை உடைத்து விற்ற ஐந்து வெள்ளி சிடி மட்டும் ஓடுகிறது. இதை உங்களிடம் சொல்லியிருக்கக் கூடாது.

இனி என் சந்தேகம். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 'பொருள்' என்பதில் விலங்கைச் சேர்க்கிறது, மீனைத் தனியாகப் பேர் சொல்லிச் சேர்க்கிறது, வண்டி, மரம், செடி, பயிர் என்று ஒன்றையும் விடவில்லை. என் மகன் இறக்கிய விளையாட்டு இதில் எந்த இனம்? மீன் பக்கமா, செடி பக்கமா? சுங்கத் துறைக்கு மட்டும் இதில் குழப்பமே இல்லை. வெளிநாட்டிலிருந்து இறங்கும் மின்னியல் சரக்குக்கு 2020 ஜனவரியிலிருந்து 6 விழுக்காடு, 2024 மார்ச்சிலிருந்து 8 விழுக்காடு. வரியின் பெயர் சேவை வரி. எங்களுக்குச் சொந்தமாக எதுவும் கிடைக்கப்போவதில்லை என்பதை அவர்கள் முதலிலேயே கண்டுகொண்டார்கள்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுப் போட 5 வெள்ளிதான் கட்டணமாம். அந்தத் தொகையைப் பார்த்ததும் எனக்கு அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது.

199 வெள்ளித் தட்டு இப்போது அம்மாவிடம். பழைய சிடிகளோடு சேர்த்து மிளகாய்ச் செடிக்கு மேல் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். வெயில் பட்டுப் பளிச்சிடுகிறது, குருவி அண்டுவதில்லை. அடுத்த தடவை தட்டே வேண்டாம், நேராக இறக்கிக்கொள்ளலாம், விலையும் குறைவு என்கிறான் மகன். அந்த உரிமத்தை மிளகாய்ச் செடியில் எப்படிக் கட்டுவது என்று மட்டும் அமைச்சு தெரிவித்தால் போதும். கயிறு எங்களிடமே இருக்கிறது.

இப்படிக்கு,
திருந்திய பயனீட்டாளன்,
செர்டாங், கெடா.