லண்டனைக் கடைசியில் வையுங்கள்

கேள்வி: பாரிஸில் 3 நாள், சுவிட்சர்லாந்தில் 5 நாள், லண்டனில் 2 நாள் சுற்ற ஆசை. ஒரே ஷெங்கன் விசா போதுமா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: லண்டன்தான் இடிக்கிறது. ஷெங்கனில் 29 நாடுகள்; பிரிட்டன் அதில் இல்லை. ஐரோப்பிய யூனியனில் இருந்த காலத்திலேயே ஒதுங்கி நின்ற நாடு அது. அதற்குத் தனி விசா, தனிக் கட்டணம். சுவிட்சர்லாந்தோ, யூனியனுக்குக் கழுத்தை நீட்டாமலே குடித்தனம் நடத்துகிறது, ஷெங்கனில் உண்டு!

அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் கணக்குப்படி அது சுவிட்சர்லாந்து. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. விசா கிடைக்காவிட்டாலும் அது திரும்பாது (கோயில் உண்டியலாவது புண்ணியம் தரும்). குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். ஷெங்கனை விட்டுக் கிளம்பிய பிறகும் பாஸ்போர்ட் 3 மாதமாவது செல்லுபடியாக வேண்டும். 2 பக்கம் காலியாக இருக்க வேண்டும்.

முக்கியமாக, பாரிஸுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவே லண்டனைச் செருகிவிடாதீர்கள். ஒருமுறை நுழையும் விசாவில் வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். அந்த 2 நாளைக் கடைசியில் வைத்துக்கொண்டு, லண்டனிலிருந்தே ஊருக்கு விமானம் ஏறுங்கள்.