டென்ஷன் ஆகாதீங்க!

ஓஎஸ்சிபி என்றொரு தேர்வு. ஹேக்கிங் தெரியும் என்று நிரூபிக்க 23 மணி 45 நிமிடம் தருவார்கள். மிச்சம் 15 நிமிடத்தைப் பிடித்தம் செய்தது எதற்கென்று கேட்காதீர்கள். பதறுவதற்கென்று தனியாக ஒதுக்கியிருப்பார்கள். வெப்கேமில் அடையாள அட்டையையும் அறையையும் காட்டியாக வேண்டும். அப்புறம் முகம் தெரியாத கண்காணிப்பாளர்கள் உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெண் பார்க்க வருபவர்கள்கூட பஜ்ஜி சொஜ்ஜியோடு கிளம்பிவிடுவார்கள். இவர்கள் விடியும்வரை இருப்பார்கள்.

தேறியவர்கள் சொல்லும் அறிவுரை ஒன்றுதான்: நன்றாகத் தூங்குங்கள். தூங்கலாம்தான், தடையே இல்லை. தேற 70 மதிப்பெண் வேண்டும். இரவு இரண்டு மணிக்குக் கையில் இருப்பது 60. சாயங்காலம் ஓட்டிய அதே என்மேப் ஸ்கேனை, இந்தத் தடவையாவது புதிதாக ஒரு போர்ட் திறந்திருக்காதா என்று மறுபடி ஓட்டுகிற ஆளிடம் போய் நிதானத்தைப் பற்றிப் பேசிப்பாருங்கள். பக்கத்து அறையிலிருந்து அம்மா வேறு, "விடியப்போகுதுடா, படுத்துத் தொலை!"

முடிந்தபின் அறிக்கை எழுத இன்னொரு 24 மணி நேரம். ஸ்கிரீன்ஷாட் விட்டுப்போனால் மதிப்பெண்ணும் போச்சு. நேற்று ராத்திரி சர்வரை உடைத்து நுழைந்த மகாராஜா, இன்று குமாஸ்தாவாக உட்கார்ந்து படங்களுக்கு வரிசை எண் போட்டுக்கொண்டிருப்பார்.