சிம்ம ராசியிலிருந்து ஒரு மனு

அனுப்புநர்: சூரியன், த/பெ காசியபர், சூரிய மண்டலத்தின் நடுப்பகுதி.

பெறுநர்: சிட்டி ஆஃப் லண்டன் கார்ப்பரேஷன், கட்டட அனுமதிப் பிரிவு, கில்டுஹால், லண்டன்.

பொருள்: எண் 20, ஃபென்சர்ச் தெரு – கார் உருகியது – மனுதாரர் மீது போடப்பட்ட பழியை நீக்கக் கோருதல் – வெளிச்ச நிலுவை – தொடர்பாக.

பார்வை: மேற்படி கட்டடத்தாரின் அறிக்கை, செப்டம்பர் 2013.

ஐயா / அம்மையீர்,

தங்கள் எல்லைக்குள் நெடுங்காலமாக நாள் தவறாமல் வந்துபோகும் மனுதாரர் பணிவுடன் சமர்ப்பித்துக்கொள்வது யாதெனில்:

ரோமானியர்கள் லண்டினியத்துக்கு மதில் எழுப்பிய நாளிலும் மனுதாரர் பணிக்கு வந்திருந்தார். 1666-ல் ஊரே பற்றி எரிந்த நாளிலும் வந்திருந்தார். அந்தத் தீ புட்டிங் லேனில் ஒரு ரொட்டிக் கடையில் பிடித்தது. தமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதை மனுதாரர் முன்கூட்டியே பதிவு செய்துகொள்கிறார். பின்னால் நடந்ததைப் பார்க்கும்போது, அதையும் அவர் கணக்கில் எழுதிவிடமாட்டார்கள் என்று நம்புவதற்கில்லை.

2013 ஆகஸ்ட் கடைசியில், அதே புட்டிங் லேனுக்கு ஒட்டினாற்போல் இருக்கும் ஈஸ்ட்சீப் தெருவில் ஒருவர் தம் ஜாகுவார் காரை நிறுத்திவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது பக்கவாட்டுக் கண்ணாடியின் உறை இளகித் தொங்கியது, மேல்தகடு நெளிந்திருந்தது, ஜாகுவார் முத்திரையும் உருகிக் கிடந்தது. எதிரே, இன்னும் கட்டி முடியாத மேற்படி எண் 20, அதாவது ‘வாக்கி டாக்கி’ கட்டடம். கட்டடத்தார் 946 பவுண்டு கொடுத்துக் காரைச் சரிசெய்து தந்தார்கள். அதே வாரத்தில் ஒரு கடைவாசல் மிதியடி கருகியது. பத்திரிகைக்காரர் ஒருவர் வாணலியைத் தெருவில் வைத்து முட்டை பொரித்துக் காட்டினார். அங்கே வைத்த வெப்பமானிகள் 90 டிகிரி செல்சியஸுக்கு மேல் காட்டின. லண்டனில், அடுப்பு இல்லாமல்.

இனி பார்வையில் கண்ட அறிக்கைக்கு வருவோம். நிகழ்வுக்குக் காரணம் வானத்தில் சூரியன் அப்போது இருக்கும் உயரம் என்றும், தினம் சுமார் 2 மணி நேரம் மட்டும் இப்படி இருக்கும் என்றும், இரண்டு மூன்று வாரத்தில் சரியாகிவிடும் என்றும் அதில் கண்டிருந்தது. அதாவது, 160 மீட்டர் உயரத்துக்குப் புதிதாக வந்து நின்றது கட்டடம். குற்றவாளி, வழக்கமான இடத்தில் நின்றுகொண்டிருந்த மனுதாரர்.

அப்போது மனுதாரர் இருந்த இடத்துக்குச் சாட்சி உண்டு. அது ஆவணி மாதம். அவர் சிம்ம ராசியில் இருந்தார். எந்த ஊர்ப் பஞ்சாங்கத்தைப் புரட்டினாலும் இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். செப்டம்பர் தொடக்கத்தில் லண்டன் வானில் நண்பகலில் அவர் ஏறுவது ஏறக்குறைய 46 பாகை. நடுக்கோடையில் 62, நடுக்குளிர்காலத்தில் 15. இந்தக் கணக்கைப் பள்ளிப் பிள்ளைகள் காகிதத்தில் போடுவார்கள். கட்டட அனுமதிக்கு வந்த வரைபடக் கட்டுகளுக்கிடையே இந்த ஒரு தாள் மட்டும் எப்படி விட்டுப்போயிற்று என்பதே மனுதாரருக்குப் புரியவில்லை.

உள்ள விஷயம் வடிவம். மேல்மாடிக்கு வாடகை அதிகம். ஆகவே மேலே போகப் போகக் கட்டடம் அகன்றுகொண்டே போகிறது. அப்படி அகலப்படுத்தியதில் தெற்கு முகம் உள்வாங்கி வளைந்தது. வளைந்த முகம் முழுவதும் கண்ணாடி. தெற்கே பார்த்து நிற்கும் குழியாடி ஒன்றைச் செய்துவைத்துவிட்டு, கதிர் குவிகிறதே என்று ஆச்சரியப்பட்டிருக்கிறார்கள். நாலு வீடு தள்ளி செயின்ட் மேரி ஆக்ஸ் தெருவில் 2004-ல் திறந்த ‘கெர்கின்’ நிற்கிறது. 180 மீட்டர் உயரம், உருண்டு திரண்ட உடம்பு. வெளிப்பக்கம் வளைந்த உடம்பு என்பதால் கதிர் பட்டதும் நாலாபக்கமும் சிதறிப் போய்விடும். இத்தனைக்கும் அந்தக் கட்டடத்தில் வளைந்த கண்ணாடி உச்சியில் உள்ள ஒரே ஒரு மூடிதான். மற்றதெல்லாம் தட்டைச் சில்லுகள். கெர்கின் மீது மனுதாரர் தினமும் விழுந்துகொண்டிருக்கிறார். இதுவரை யாருடைய காரும் உருகியதாகப் புகார் இல்லை.

வாக்கி டாக்கியை வடிவமைத்தவர் ரஃபேல் வின்யோலி, பெரிய கலைஞர், 2023-ல் காலமானார். லாஸ் வேகஸில் அவர் கட்டிய வ்டாரா ஓட்டலும் உள்வளைந்த முகம் கொண்டதுதான். அங்கே 2010-லேயே நீச்சல்குளத்தருகே படுத்திருந்த விருந்தினர் ஒருவருக்குத் தலைமுடி பொசுங்கியது, பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் பை இளகியது. முன்னுதாரணம் இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறார் மனுதாரர். லண்டன் கட்டடத்தின் தெற்கு முகத்துக்கு முதலில் வெயில்தடுப்புப் பட்டைகள் வரைந்திருந்ததாகவும், செலவைக் குறைக்கும்போது அவை போய்விட்டதாகவும் வின்யோலியே பின்னால் சொன்னார். கூடவே, முன்பெல்லாம் லண்டனில் இவ்வளவு வெயில் அடித்ததில்லை என்ற பொருளிலும் ஏதோ சொல்லிவைத்தார். ஆகக் கடைசியில் பழி மறுபடியும் மனுதாரர் தலையில்.

தெருவில் சாரம் கட்டி வலை போட்டார்கள். வண்டி நிறுத்தும் இடங்களை மூடினார்கள். 2014-ல் முகப்பு முழுக்க வெயில்தடுப்புப் பட்டைகள் வந்தன. முதலில் வேண்டாமென்று விட்ட அதே சங்கதி. 2015-ல் நாட்டின் மிக அழகற்ற புதுக் கட்டடத்துக்கான கார்பங்கிள் கோப்பையும் கிடைத்தது. 2017-ல் ஹாங்காங்கின் லீ கும் கீ குழுமம் 128 கோடி பவுண்டுக்கு இதை வாங்கியது. சிப்பிச் சாற்றுக் குழம்பு விற்றுப் பெரிதான குழுமம் அது. சமையல் வரலாறு உள்ள கட்டடம் சமையல்காரர்கள் கைக்கே போய்ச் சேர்ந்ததில் மனுதாரருக்கு ஆட்சேபணை இல்லை.

அப்பட்டமாகச் சொன்னால், அந்தக் கட்டடம் அந்த இடத்தில் நிற்க வேண்டியதே இல்லை. உயர்ந்த கோபுரங்களெல்லாம் லெடன்ஹால், பிஷப்ஸ்கேட் பக்கம் ஒரே கொத்தாக நிற்க, இது மட்டும் தெற்கே விலகி ஆற்றுப்பக்கமாகத் தனியே நிற்கிறது. 2007-ல் பொது விசாரணையே நடந்தது. பொதுமக்களுக்கு உச்சியில் தோட்டம் தருகிறோம் என்ற வாக்கு அப்போது பெரிதாக எடுபட்டது. தோட்டம் 2015-ல் திறந்தது. இலவசம்தான். முன்பதிவு செய்ய வேண்டும். குறித்த நேரத்துக்கு வர வேண்டும். விமான நிலையத்தில் போலப் பையைச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். பிறகு லிஃப்ட்டில் ஏறி 35-ஆம் மாடிக்குப் போனால் உணவகம், மதுக்கூடம், அவற்றுக்கு இடையில் செடிகள். பூங்கா என்றால் வழியில் போகிறவர் கால் வலித்தால் உட்கார்ந்துவிட்டுப் போகிற இடம் என்றுதான் மனுதாரர் இத்தனை காலம் எண்ணியிருந்தார். நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும்: அதே தெருவில் எண் 120-ன் 15-ஆம் மாடியில் 2019-ல் திறந்த தோட்டத்துக்கு முன்பதிவு கிடையாது. போகலாம், பெஞ்சில் உட்காரலாம். அங்கிருந்து பார்த்தால் வாக்கி டாக்கியின் முதுகு நன்றாகத் தெரியும்.

மனுவின் இரண்டாம் பகுதி கொஞ்சம் மனவருத்தத்தோடு எழுதப்படுகிறது.

தங்கள் ஊரில் பார்வைக்கு இருக்கும் மரியாதை வெளிச்சத்துக்கு இல்லை. 1930-களில் ஃபாரடே கட்டடம் எழுந்து செயின்ட் பால் பேராலயத்தை ஆற்றுப்பக்கமிருந்து மறைத்ததும், பேராலயத்தின் கட்டடப் பராமரிப்புப் பொறுப்பாளர் காட்ஃப்ரி ஆலன் உயர வரம்பு வகுத்தார். அது இன்றும் நடப்பில் இருக்கிறது. ரிச்மண்ட் பூங்காவில் ஹென்றி அரசர் மேடு என்று ஒரு மண்மேடு. அங்கே வேலிச்செடியில் ஒரு துளை. அதில் கண்ணை வைத்தால், மரங்களை வெட்டி ஒதுக்கிய சந்து வழியாக, சுமார் 16 கிலோமீட்டர் தள்ளி அந்தப் பேராலயத்தின் குவிமாடம் தெரியும். அந்தத் துளைப் பார்வைக்குச் சட்டக் காவல் உண்டு. ஃப்ளீட் தெருவிலிருந்து பார்க்கிறவருக்குக் குவிமாடம் மறையக்கூடாது என்பதற்காக, 225 மீட்டர் உயரமுள்ள லெடன்ஹால் கட்டடம் ஒரு பக்கம் முழுவதையும் சாய்த்துக்கொண்டு நிற்கிறது. சாய்ந்ததால் ‘சீஸ் துருவி’ என்று பெயர் வாங்கிற்று. சாய்ந்து நிற்கும் அந்த அடக்கத்தை மனுதாரர் மனதாரப் பாராட்டுகிறார். ஒரு குவிமாடத்துக்காக இத்தனை மாடிகளின் வாடகையை விட்டுக்கொடுக்க முடிகிற ஊர், நடைபாதையில் சாண்ட்விச் தின்கிறவன் முகத்தில் விழும் அரைமணி வெயிலுக்காக எத்தனை மாடியை விட்டுக்கொடுத்திருக்கிறது என்பதே கேள்வி.

சட்டம் இல்லாமல் இல்லை. ஒரு சன்னல் வழியாக 20 ஆண்டு இடைவிடாமல் வெளிச்சம் வந்திருந்தால், அந்த வெளிச்சம் அந்தக் கட்டடத்தின் சொத்து. 1832-ஆம் ஆண்டுச் சட்டம் இப்படிச் சொல்கிறது. லண்டனின் பழைய சுவர்களில் சன்னலுக்குக் கீழே இதை அறிவிக்கும் பலகைகளை இப்போதும் காணலாம். ஆனால் மாநகராட்சி மனையில் ஓர் உரிமையைத் தன் பெயருக்கு எடுத்து, கட்டுகிறவருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டால், பக்கத்து வீட்டுக்காரர் கட்டடத்தைத் தடுக்க முடியாது. நஷ்ட ஈடு மட்டும் கேட்கலாம். இதற்கு இடம் தருவது 2016-ஆம் ஆண்டு வீட்டுவசதி, திட்டமிடல் சட்டத்தின் 203-ஆம் பிரிவு, அதற்கு முன் வேறொரு பிரிவு. சிட்டியின் உயர்ந்த கோபுரங்களுக்காக இந்த வழி கையாளப்பட்டிருக்கிறது. வெளிச்சத்துக்கு இப்படி விலை போட்டு வாங்கி விற்கிறார்கள். சரக்கு மனுதாரருடையது. இன்றுவரை ஒரு பென்னி அவருக்கு வந்து சேரவில்லை.

பெவிஸ் மார்க்ஸ் தெருவில் 1701-ல் கட்டிய யூதத் தொழுகைக்கூடம் ஒன்று இருக்கிறது. உள்ளே பித்தளைச் சரவிளக்குகள் ஏழு. விசேஷ நாட்களில் மெழுகுவத்தி ஏற்றித்தான் வழிபாடு. பெரிய சன்னல்கள் வழியே வரும் பகல் வெளிச்சத்தை நம்பிக் கட்டிய இடம். அதன் பக்கத்தில் பரி தெருவில் 48 மாடிக் கோபுரம் எழுப்ப வந்த விண்ணப்பத்தைத் தாங்கள் 2021-ல் மறுத்தீர்கள். மாடியைக் குறைத்து மீண்டும் வந்தபோதும் 2024 டிசம்பரில் மறுத்தீர்கள். முற்றத்தில் நின்று நிலாவைப் பார்த்துச் செய்யும் வழிபாட்டுக்கு இடைஞ்சல் என்பதும் ஆட்சேபணைகளில் ஒன்று. சந்திரன் சார்பிலும் மனுதாரர் இங்கே நன்றி தெரிவித்துக்கொள்கிறார். இருவருக்கும் பேச்சுவார்த்தை குறைவு, மாதம் ஒருமுறை சந்திப்பதோடு சரி.

அதே டிசம்பரில்தான் 1 அண்டர்ஷாஃப்ட் கோபுரத்துக்கும் அனுமதி தந்தீர்கள். 309 மீட்டருக்கு மேல். ஆற்றுக்கு அக்கரையில் நிற்கும் ஷார்டுக்குச் சமம். சில மாதங்களுக்கு முன் அது முதலில் வந்தபோது, செயின்ட் ஹெலன்ஸ் சதுக்கத்தில் தரைமட்டத்து வெளியைத் தின்றுவிடும் என்று தள்ளிவைத்தீர்கள். வரைபடம் மாறி வந்தது, தரையில் இடம் கொஞ்சம் கூடியது, ஒப்புக்கொண்டீர்கள். கட்டி முடித்ததும் அந்தச் சதுக்கத்துக்கு மனுதாரர் எத்தனை மணிக்கு வரலாம், எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று ஒரு கால அட்டவணை கொடுத்தால் வசதியாக இருக்கும்.

ஆகவே கோருவது: முதலாவதாக, 2013 அறிக்கையில் உள்ள பழி எழுத்து மூலம் நீக்கப்பட வேண்டும். கார் சம்பவத்துக்குப் பிறகு, கதிர் குவிவது குறித்துத் தாங்களே 2017-ல் கட்டடக்காரர்களுக்கு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறீர்கள். குற்றம் யாருடையது என்பது அதிலேயே தெளிவாகிவிட்டது. அடுத்து, வாக்குரிமை. 2021 கணக்கெடுப்பின்படி தங்கள் எல்லைக்குள் குடியிருப்பவர்கள் 8,600 பேர் அளவில்தான். வேலைக்கு வந்துபோகிறவர்கள் ஐந்து லட்சத்துக்கு மேல். அதனால் நிறுவனங்களும் ஆள் எண்ணிக்கைக்கேற்ப வாக்காளர்களை நியமிக்கலாம் என்பது தங்கள் தேர்தலின் தனிச்சிறப்பு. உள்ளூரில் குடியிராமல் காலையில் வந்து மாலையில் திரும்பும் தகுதி மனுதாரருக்கும் உண்டு. ஆள் ஒருவர்தான், ஒரு வாக்குப் போதும்.

946 பவுண்டைத் திருப்பிக் கேட்பார்களோ என்ற பயத்தில் இதுவரை மனுச் செய்யாமல் இருந்த தாமதத்தைப் பொறுத்தருள வேண்டுகிறார்.

இப்படிக்கு,
சூரியன்
(மனுதாரர்)

நகல்: வாயு பகவான் – கோபுரங்களின் அடிவாரத்தில் வழிப்போக்கர்களைத் தள்ளாட வைப்பதாக அவர் மீது எழுந்த புகார்கள், அது தொடர்பாகக் கார்ப்பரேஷன் 2019-ல் வெளியிட்ட காற்று வழிகாட்டி ஆகியவற்றைப் படித்துப் பார்த்துத் தனியாக மனுச் செய்யும் பொருட்டு.