கைவேலையில் யார் கை?

குழந்தைகளின் கைவேலையில் குழந்தைகளின் கையைத் தவிர வீட்டிலுள்ள எல்லார் கையும் இருக்கும். சந்தேகப்படுகிறவர்கள் அரையாண்டு விடுமுறைக்கு முந்தைய வாரம் மேற்கு மாம்பலம் பக்கம் வந்து போகலாம்.

மார்கழி மாம்பலத்துக்கு ஒரு நித்யபடி உண்டு. விடியலில் கோலம், ஸ்பீக்கரில் திருப்பாவை, அதைத் தொடர்ந்து வெண்பொங்கல். சாயங்காலமானால் அயோத்தியா மண்டபத்தில் உபன்யாசம். இதற்கு நடுவே பேரன் பேத்தியின் பள்ளியிலிருந்து வாட்ஸப்பில் உத்தரவு வந்தது: குழந்தை தன் கையாலேயே செய்த கிறிஸ்துமஸ் நினைவுப்பொருள் ஒன்று கொண்டு வர வேண்டும், பெற்றோர் உதவக் கூடாது. படித்து முடித்த கையோடு மருமகள் கடைக்குக் கிளம்பிவிட்டாள்.

மாம்பலம் ஸ்டேஷனையும் தி.நகர் பஸ் ஸ்டாண்டையும் இணைத்து 2023இல் ஸ்கைவாக் திறந்த பிறகு, எங்கள் பேட்டைக்காரர்களுக்கு அந்தப் பக்கம் போகக் காரணமே வேண்டியதில்லை. காரணமும் கிடைத்தால் கேட்கவா வேண்டும்? சிவப்பு ரிப்பன், ஜிகினாத்தூள், சாண்டா தொப்பி ஆகியவற்றோடு இரண்டு நைட்டியும் ஒரு டீ வடிகட்டியும் வந்து சேர்ந்தன.

திட்டம் என்னவோ எளிமையானது. மைதா இரண்டு பங்கு, தூள் உப்பு ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. கெட்டியாகப் பிசைந்து, வட்டமாகத் தட்டி, குழந்தையின் கையை அதில் அழுத்த வேண்டும். மேலே ஸ்ட்ராவால் ஒரு ஓட்டை. ஓவனில் 100 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் உலர்த்தி, வருஷத்தை எழுதி, ரிப்பன் கோத்தால் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடலாம். பிள்ளைக்கு மீசை முளைத்த பிறகும் எடுத்துப் பார்க்கலாம்.

என் சகதர்மிணி மாவை எட்டிப் பார்த்தாள். "தட்டைக்குப் பிசைஞ்ச மாதிரின்னா இருக்கு. எண்ணெய் காய வெக்கட்டுமா?" உப்பின் அளவைச் சொன்னதும் என் பி.பி. மாத்திரை டப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

யூ.கே.ஜி. படிக்கும் பேத்தி சமர்த்தாகக் கையைப் பதித்தாள். அம்மாவுக்கு அது கோணலாகப் பட்டது. உருட்டி, மறுபடி தட்டி, மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்து, தன் கையால் அழுத்தினாள். பதிவு பிரமாதம். அதில் யாருடைய பலம் இருந்தது என்று பள்ளிக்குத் தெரியவா போகிறது?

சின்னவன் வந்தான். ப்ரீ கே.ஜி. "கையை வைடா கண்ணா" என்றாள் மருமகள். மாவையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். பிறகு கையை முஷ்டியாக மடக்கி, சுண்டுவிரல் பக்கத்தைத் திருப்பி, அழுத்தமாக ஒரு குத்து. அதற்கு மேலே ஆள்காட்டி விரலால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து பொட்டு. நிமிர்ந்து "கிச்சா கால்!" என்றான்.

கோகுலாஷ்டமி அன்று பாட்டி அரிசிமாவுக் கரைசலில் முஷ்டியைத் தோய்த்து, வாசலிலிருந்து பூஜை அறை வரை கிருஷ்ணர் பாதம் வைத்தபோது இவனும் கூடவே தவழாத குறையாகப் போயிருக்கிறான். மாவு, கை இரண்டும் சேர்ந்தால் வரவேண்டியது கால் என்பது அவன் கற்ற சாஸ்திரம். மருமகள் அதை அழிக்கப் போனாள். அடுக்களையிலிருந்து பாட்டியின் குரல் வந்தது: "பெரியவா ஒத்தாசை பண்ணப்படாதுன்னு போட்டிருக்கே, படிக்கலையா?"

அடுத்தது உலர்த்தும் படலம். எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. மொட்டை மாடியில் காயப்போடலாம் என்று நான் சொன்னதற்கு, "மார்கழில எந்த ஊர்லன்னா வடாம் போடுவா?" என்று பதில் கிடைத்தது. நியாயம்தான். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். சென்னையின் டிசம்பர் விடியலில் ஈரப்பதம் பெரும்பாலும் அதற்கு மேலேதான். ராத்திரி முழுக்க ஃபேனுக்கு அடியில் வைத்தும் காலையில் இரண்டு வட்டங்களும் வியர்த்திருந்தன. கடைசியில் தோசைக்கல், சிம், காவலுக்கு நான். அடிப்பக்கம் பொன்னிறமானதும் இறக்கி ஆறவைத்து, மருமகளின் நிறமில்லாத நெயில் பாலிஷை இருபுறமும் பூசினோம். ஈரம் உள்ளே புகாமலிருக்க வழி அதுதான். வாசனை மட்டும் திருப்பாவை முடியும்வரை வீட்டில் நின்றது.

பள்ளியில் பேத்தியின் கையைப் பார்த்து "அம்மா செஞ்சாங்களா?" என்று கேட்டார்களாம். சின்னவனின் காலைப் பார்த்து "இது யாரோட கால்?" என்றார்களாம். அக்காக்காரிதான் தம்பிக்கு வக்கீல். "குட்டி ஜீசஸ் எங்காத்துக்கு நடந்து வந்த கால், மிஸ்" என்று சொல்லிவிட்டு வந்தாளாம். அவனுக்கு ஸ்டார் ஒட்டியிருந்தது; அவளுக்கு இல்லை. மருமகள் அன்று பூராவும் யாரோடும் பேசவில்லை.

இனி அந்தக் காலைப் பத்திரப்படுத்த வேண்டுமே! புனித பிரான்சிஸ் அசிசி 1223இல் இத்தாலியின் கிரேச்சோ என்ற ஊரில் நிஜ மாடும் கழுதையுமாகக் கிறிஸ்துமஸ் குடில் அமைத்துக் காட்டினார் என்று மனைவியிடம் சொன்னேன். "அப்போ அவாளும் கொலு வெச்சிருக்கா" என்றாள். பழைய வேஷ்டித் துணியில் சுற்றி, கொலு பொம்மைப் பெட்டியில் கிச்சா காலை வைத்தாயிற்று. வருகிற நவராத்திரிக்கு வருஷத்துக்கொரு புது பொம்மை என்ற கணக்கில் அது வெளியே வரும். தசாவதார செட்டோடு சேர்ப்பதா, கீழே பார்க்கில் வைப்பதா என்பதில்தான் மாமியாருக்கும் மருமகளுக்கும் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது. என்னைக் கேட்டால், படி கட்டுகிற வேலையைத் தவிர வேறெதிலும் எனக்கு அபிப்பிராயம் கிடையாது.