பேராண்டியோட ஸ்டடி

டேய் பேராண்டி, இதுக்குப் பேரு ஸ்டடியாக்கும்? பத்தாங்கிளாஸ்லயும் இதையேதானடா சொன்ன. ஸ்டடி பண்றேன் தாத்தான்னு மாடிக்குப் போவ. ஏறி வந்து பாத்தா கொறட்டை. பரவால்ல, இப்ப முழிச்சிக்கிட்டுப் பண்ற.

பெரிய துணியில எண்ணெய்ச் சாயப் படம் போடறதுக்கு முன்னாடி சின்னதா ஒரு வெள்ளோட்டம்ன. சரி. அதுக்குப் புனேயில இருந்து 90 கிலோமீட்டருக்குக் கிட்ட, சிரூரைத் தாண்டி, இந்தக் குகடி ஆத்துக்கு என்னையும் இழுத்தாந்துட்ட. இக்கரை புனே ஜில்லா, அக்கரை நிகோஜ், ரெண்டு கரையிலயும் மளகங்கா ஆத்தா கோயிலு. நடுவுல பாறை பூராவும் குழி. எரிமலைக் குழம்பு ஒறஞ்சு 6 கோடி வருசத்துக்கு மேல ஆச்சாம். வெள்ளம் சுழிக்கிற எடத்துல மாட்டுன கூழாங்கல்லு சுத்திச் சுத்தியே கொடஞ்சிருக்கு. நம்மூரு ஆட்டுரலேதான், ஆட்டுறவளுக்கு மட்டும் இடுப்பு வலிக்கல.

அதை நீ கால்மணி நேரத்துல கறுப்பைப் பிதுக்கி மொழுகிட்டியே! காஞ்ச மேட்டைப் பாரு, பழுப்பு. தண்ணி நக்குற ஓரம் நீலங்கலந்த கறுப்பு. மெய்யான இருட்டு குழிக்குள்ள மட்டுந்தான் கெடக்கு. அதுக்கு ஒதுக்கி வக்க வேண்டிய கறுப்பை ஊரெல்லாம் தானம் பண்ணிட்ட. ஒக்காந்த எடமாவது உருப்படியா? நம்ம ஆனைமலையே பாக்குற பக்கமிருந்து பாத்தாத்தான் ஆனை. நீயோ மரநெழலாத் தேடி ஒக்காந்திருக்க. படத்துக்கு வேணுங்கற நெழல் பாறையிலடா, ஒன் முதுகுல இல்ல.

ஒங்க வாத்தியாரு கண்ணை இடுக்கிப் பாக்கச் சொன்னாராமே, நுணுக்கமெல்லாம் மறஞ்சு வெளிச்சமும் இருட்டுமாத் தெரியுமுன்னு. கண்புரை வந்ததுல இருந்து எனக்கு அப்படித்தான் தெரியுது, பீசு கட்டாமலே.

கும்பிட வந்த அம்மா ஒருத்தி ஒன் படத்தை எட்டிப் பாத்துட்டுப் பக்கத்துல இருந்தவகிட்ட என்னமோ சொல்லிச் சிரிச்சா. எனக்கெங்க மராத்தி? ஆப்பேங்கற ஒரு சொல்லுதான் காதுல விழுந்துச்சு. இங்க குழிப்பணியாரத்துக்கு அதானாம் பேரு. ஆத்தா குடியிருக்கிற பாறையைப் பணியாரச் சட்டியாக்கிப்புட்டியே, செருப்பையாவது கழட்டிட்டு ஒக்காருடா.

மழை எறங்குனா இதெல்லாம் வெள்ளத்துல முங்கிரும். அதுக்குள்ள இன்னும் நாலு ஸ்டடி போடு. இந்த டம்ளரைத் தள்ளி வையி மொதல்ல. பிரஷ் கழுவுன தண்ணியா இது? நெறத்தைப் பாத்து டீயின்னு பாதி குடிச்சிட்டேன். சக்கரை பத்தலையேன்னு அப்பவே நெனச்சேன்.