எடுத்துக் கொடுத்த வள்ளல்கள்

விண்டோஸை வடிவமைக்கும் பெருமக்களே, உங்களைப் போன்ற ஆசான்கள் வாய்ப்பது அரிது. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்று எங்கள் பாட்டிமார் வாயால் சொன்னதோடு சரி. நீங்கள் மரத்தையே வெட்டிக் காட்டிப் புரியவைத்தீர்கள்.

1995-இல் விண்டோஸ் 95-உடன் ஸ்டார்ட் பட்டன் வந்தது. பதினேழு ஆண்டுகள் திரையின் மூலையில் கிடந்து உழைத்த அதற்கு ஒருவரும் நன்றி சொன்னதில்லை. 2012-இல் விண்டோஸ் 8-இல் அதைத் தூக்கினீர்கள். அதன் பெயர் ஊரெல்லாம் ஒலித்தது. கணினியை அணைக்கிற அற்ப வேலையையும் புதையல் தேடலாக உயர்த்தினீர்கள். எந்தக் குறியும் இல்லாத வலது மூலைக்கு மவுஸைக் கொண்டுபோனால் ஒளிந்திருந்த பட்டை ஒன்று எட்டிப் பார்க்கும். அதில் செட்டிங்ஸ், அதற்குள் பவர், அதற்குள் ஷட் டவுன். தொடுதிரைக்காக வரைந்ததை மவுஸ் பிடித்தவர்களுக்கும் பாகுபாடின்றி வழங்கிய உங்கள் சமத்துவத்தை என்னென்பது!

பிறர் பிழைக்கவும் வழிவிட்டீர்கள். பட்டனோடு தொலைந்த ஸ்டார்ட் மெனுவைத் திருப்பித் தருவதற்கென்றே ஸ்டார்ட்8 போன்ற மென்பொருள்கள் விலைக்கு வந்தன. 2013-இல் 8.1 பதிப்பில் பட்டனை மட்டும் திருப்பித் தந்தீர்கள். மெனுவுக்கு 2015 வரை, விண்டோஸ் 10 வரும்வரை, எங்கள் பொறுமையை வளர்த்தீர்கள்.

வளர்த்த பொறுமை வீண்போகவில்லை. 2021-இல் விண்டோஸ் 11-க்காக டாஸ்க்பாரைப் புதிதாகவே எழுதினீர்கள். அகலத் திரையில் அதைப் பக்கவாட்டில் நிறுத்தி, எழுத்துக்குக் கூடுதலாக இரண்டு வரி இடம் பெற்றுவந்தவர்களின் பேராசையை ஒழித்தீர்கள். கோப்பு ஒன்றை இழுத்து டாஸ்க்பார் ஐகான்மீது வைத்தால், கூடாது என்கிற தடைக்குறி தோன்றியது. எத்தனை கண்ணியமான மறுப்பு! நான்கு எக்செல் கோப்புகளைத் திறந்துவைத்து, பெயர் பார்த்துப் பார்த்து மாறிமாறிக் கணக்கு எழுதுகிறவருக்கு நான்கையும் ஒரே ஐகானுக்குள் அடைத்து நினைவாற்றல் பயிற்சி தந்தீர்கள். ரைட் கிளிக் செய்தால் கட், காப்பி என்ற சொற்களைக்கூட நீக்கிச் சிறு படங்களாக வைத்தீர்கள்.

பிறகுதான் உங்கள் வள்ளன்மை. கோப்பை இழுத்துப் போடும் வசதி 2022-இல் வந்தது. தனித்தனிப் பெயர்களோடு டாஸ்க்பார் 2023-இல் வந்தது. கட், காப்பி படங்களுக்கடியில் எழுத்து 2024-இல் வந்தது. எங்களிடமிருந்து எடுத்ததையே அப்டேட் தோறும் புதுவரவாகத் தரும் கொடைக்கு ஈடேது?

இவ்வளவு புகழ்ந்தபின் ஒன்றை நேராகச் சொல்லியாக வேண்டும். ஒரு வசதியைச் சிலரே பயன்படுத்தக்கூடும். ஆனால் அந்தச் சிலரில் ஒருவர் அதை நாளுக்கு நூறு முறை பயன்படுத்துகிறவராக இருப்பார். டிடிபி கடையில் பக்கம் கட்டுகிறவருக்கும், அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவருக்கும் கருவி எங்கே இருக்கிறது என்பது கைக்குத் தெரியும், கண் தேடுவதில்லை. ஆண்டுக்கணக்கில் பழகிச் சேர்த்த அந்த வேகம் அவர்களுடைய உழைப்பு. ஒரு அப்டேட் அதை அவர்களைக் கேட்காமலே அழித்துவிடுகிறது. வயதானவர்களுக்கு இழப்பு இன்னும் பெரிது. பேரனிடம் ஒருமுறை கேட்டுக் கற்றதை மறுபடி கேட்கக் கூச்சப்பட்டு, கணினியையே ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு.

புதுமை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பழையதைத் தேர்ந்துகொள்ள செட்டிங்ஸில் ஒரு வழி விடுங்கள். புதிதாக எழுதுவது பழையது செய்த வேலையையெல்லாம் செய்யும் வரை அதை வெளியிடாதீர்கள். எடுத்தே ஆகவேண்டுமென்றால் முன்கூட்டிச் சொல்லி, காரணத்தையும் சொல்லுங்கள். இதைச் செய்யுங்கள், அன்றைக்கு உள்ளொன்று வைக்காமல் வாயாரப் புகழ்கிறோம்.