“என் சைடு எல்லாம் ஓகே!”

பழைய மகாபலிபுரம் சாலையில் எந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் இவரைப் பார்க்கலாம். உத்தியோகம் ஃப்ரன்ட் எண்ட் டெவலப்பர். லேப்டாப் மூடி தெரியாத அளவுக்கு ஸ்டிக்கர். என்ன கேட்டாலும் பதில் ஒன்றே: “என் சைடு எல்லாம் ஓகே. பேக் எண்ட்லதான் இஷ்யூ.”

பிரவுசரிலிருந்து சர்வரிடம் எதைக் கேட்பதானாலும் அவருக்கு ஆக்ஸியோஸ் லைப்ரரிதான் வேண்டும். ‘பிரவுசரிலேயே ஃபெட்ச் இருக்கிறதே?’ என்று யாராவது வாயைக் கொடுத்தால் தொலைந்தார். “ஃபெட்ச்ல 404 வந்தாலும் 500 வந்தாலும் பிராமிஸ் ரிஜெக்ட் ஆகாது. ஆக்ஸியோஸ்ல நேரா கேட்ச்சுக்குப் போயிடும், தெரியுமா?” உண்மைதான். ஆனால் அவர் எழுதிய கேட்ச்சுக்குள் எட்டிப் பார்த்தால் ஒன்றுமே இருக்காது. உள்ளே போன பிழை திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

எக்ஸ்எம்எல் ஹெச்டிடிபி ரிக்வெஸ்ட் என்றால் முகம் சுளிப்பார். அது 1999-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5-உடன் வந்த பழைய சரக்காம். 2014-இல் பிறந்த அவருடைய ஆக்ஸியோஸ், பிரவுசருக்குள் இன்றும் முதலில் தேடிப் போவது அந்தப் பழைய சரக்கைத்தான். இதை அவரிடம் யாரும் சொன்னதில்லை. சொன்னால் மனசு ஒடிந்துவிடும்.

அவெய்ட் போட மறப்பது அவருக்குக் கைவந்த கலை. வாடிக்கையாளர் பெயர் வரவேண்டிய இடத்தில் ‘ஆப்ஜெக்ட் பிராமிஸ்’ என்று வந்து நிற்கும். “டேட்டாபேஸ்ல பேரைத் தப்பா ஏத்தியிருக்காங்க” என்பார் அசராமல்.

டைம்அவுட்டும் வைக்க மாட்டார். நாமாக வைக்காவிட்டால் ஆக்ஸியோஸில் அது 0. அதாவது லைப்ரரி தன் பங்குக்கு எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும். சர்வர் படுத்துக்கொண்டாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். கேட்டால், “யூஸருக்குப் பொறுமை இல்ல சார்.”

கார்ஸ் பிழை வந்துவிட்டால் அவர் திறமை முழுசாக வெளிப்படும். இந்தத் தளத்துப் பக்கம் என் பதிலைப் படிக்கலாம் என்று சர்வர்தான் தன் பதிலின் ஹெடரில் அனுமதி தரவேண்டும். இவரோ அந்த ஹெடரைத் தன் ரிக்வெஸ்டிலேயே ஒட்டி அனுப்புவார், மாப்பிள்ளை வீட்டுச் சம்மதத்தைப் பெண் வீட்டாரே எழுதிக்கொண்ட மாதிரி. புது ஹெடரைக் கண்ட பிரவுசர், சாதாரண கெட் ரிக்வெஸ்டுக்குக்கூட முன்னால் ஓர் ஆப்ஷன்ஸ் ரிக்வெஸ்டை அனுப்பி விசாரிக்கத் தொடங்கும். சிக்கல் இன்னும் ஒரு முடிச்சு கூடும்.

“தம்பி, போஸ்ட்மேன்ல ஓடுதேப்பா” என்பார் பேக் எண்ட் அக்கா.

“நம்ம கஸ்டமர் யாரும் போஸ்ட்மேன்ல வர்றதில்லக்கா.”

இந்த ஒரு பதிலுக்கு மட்டும் மார்க் போடலாம். கார்ஸைப் பார்ப்பது பிரவுசர், போஸ்ட்மேன் கண்டுகொள்ளாது.

யார் பக்கம் கோளாறு என்று துப்புக் கொடுப்பதும் அவர் கொண்டாடும் அதே லைப்ரரிதான். பிழையோடு ரெஸ்பான்ஸ் இருந்தால் சர்வர் பதில் சொல்லிவிட்டது. அதில் 400 வரிசை என்றால் கேட்டவர் பக்கமும், 500 வரிசை என்றால் சர்வர் பக்கமும் பார்க்க வேண்டும். ரிக்வெஸ்ட் மட்டும் இருந்தால் பதில் வந்து சேரவில்லை. இரண்டும் இல்லையென்றால் ரிக்வெஸ்டைத் தயாரித்த விதத்திலேயே பிசகு. கேட்ச்சை அவர் காலியாக வைத்திருப்பது மறதியாலா, முன்யோசனையாலா என்பது ஆராய்ச்சிக்குரியது.

உங்கள் டீமிலும் இவர் இருப்பார். வாதாட வேண்டாம். அந்த கேட்ச்சுக்குள் பிழையை அச்சிடும் ஒரு வரியை மட்டும் எழுதச் சொல்லுங்கள். பாதி மீட்டிங் மிச்சமாகும்.